ஒன்பதாவது பெஞ்சுக்கு வரும் சமாதானம்

குருவானவர் பீடத்துப் படியை விட்டு இறங்கி முதல் பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு அம்மாளின் கையைப் பிடித்ததுமே தங்கபுஷ்பம் பெஞ்சுகளை எண்ண ஆரம்பித்தாள். கிளம்பிவிட்டது. இனி அது நிற்காது. கிருபாபுரம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்துக்கு முன்னால், சமாதானம் இப்படித்தான் கையோடு கையாக வரும். வலது உள்ளங்கையில் வலது உள்ளங்கையை வைக்கணும், இரண்டு பேரும் இடது கையால் மேலே மூடிக்கொள்ளணும், கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருப்பதாக என்று சொல்லணும், வாங்கினவள் பக்கத்தில் இருப்பவளுக்குத் திரும்பணும். முதல் பெஞ்சில் நடைபாதை ஓரத்திலிருந்து சுவர் வரைக்கும் போகும், சுவரோரம் இருப்பவள் பின்னால் திரும்பி இரண்டாவது பெஞ்சுக்குக் கொடுப்பாள், அங்கிருந்து நடைபாதைக்கு வரும், மறுபடி சுவருக்கு. பெஞ்சுக்கு ஏழு பேர். எட்டு பெஞ்சு தாண்டினால் ஒன்பதாவது பெஞ்சு, அதன் நடைபாதை ஓரத்தில் தங்கபுஷ்பம். ஐம்பத்தாறு கை. முழங்கால் வலி, காலை நீட்டிக்கொள்ள வசதி என்று ஆறு வருஷமாக அவளுக்கு அதே இடம். தங்கபுஷ்பத்தின் கைக்கு வந்துவிட்டால் அவள் அதை அடுத்து இருப்பவளுக்குக் கொடுத்தாக வேண்டும். அடுத்து இருப்பவள் இன்றைக்குப் பார்த்து ரெபேக்கா. மூன்றாவது பெஞ்சுக்காரி. முப்பது வருஷத்தில் ஒரு ஞாயிறு பிந்தாதவள் இன்றைக்குப் பிந்தி வந்து, குடை சொட்டச் சொட்ட, "தள்ளுட்டி, எங்கயும் இடமில்ல" என்று தங்கபுஷ்பத்தின் முழங்காலைத் தாண்டி உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டாள். ஏன் ஆண்டவரே, மழைக்கு வேற ஞாயித்துக்கிழமையே கிடைக்கலையா உமக்கு?

பாடகர் குழு கீர்த்தனையை எடுத்துவிட்டது. நீளமான கீர்த்தனை, ஆறு சரணம், சமாதானம் கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் இழுத்துப் பாடுவார்கள். ரெபேக்காவின் சேலை நனைந்து கஞ்சிப் பசை வாசம் வருகிறது. இவள் சேலைக்கு வீட்டு வடிகஞ்சிதான் போடுவாள், கடைக் கஞ்சி வாங்கமாட்டாள், வாங்கினால் சேலை மொடமொடவென்று சத்தம் போடுமாம், கோயிலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். எல்லாம் தெரியும் தங்கபுஷ்பத்துக்கு. இவள் சேலைக்குக் கஞ்சி போடுவதும் தெரியும், பித்தப்பையில் கல் இருப்பதும் தெரியும், போன வருஷம் ஆனி மாசம் புறவாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "தங்கம், ஆல்வின் குருமடத்த விட்டுட்டு வந்துட்டாம்ட்டி. எனக்கு விசுவாசம் வரலம்மாங்கான். வராதத வந்த மாதிரி நின்னு பிரசங்கம் பண்ண முடியாதுங்கான்" என்று சொன்னதும் தெரியும். அது அப்போது இந்த ஊரில் அவனைத் தவிர மூன்றே பேருக்குத் தெரியும், ரெபேக்காவுக்கு, அவள் வீட்டுக்காரருக்கு, அப்புறம் தங்கபுஷ்பத்துக்கு. பிறந்த அன்றைக்கே ஊழியத்துக்கென்று நேர்ந்து பொருத்தனை பண்ணின பிள்ளை. இந்தச் சபை அவனைத் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பியது. ஊருக்கெல்லாம் லீவில் வந்திருக்கான் என்று சொல்லி வைத்திருந்தாள். லீவு ரெண்டு மாசம் ஓடிவிட்டது. "ஒருத்தர்கிட்டயும் சொல்லிராத, நானே நேரம் பாத்துச் சொல்லிக்கிடுதேன்" என்றாள். தங்கபுஷ்பம் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. எழுதினாள்.

இரண்டாவது பெஞ்சு முடிந்தது. சுவருக்குப் போன கை திரும்பி நடைபாதைக்கு வந்துவிட்டது. அவ்வளவு வேகமாகவா? போன மாதமெல்லாம் ஆமை மாதிரி வருமே. ஜெபத்துக்குத்தானே எழுதினேன் என்றது மனசு. எட்டு மாசமாக இதே வாதம்தான், காலையில் பால் வாங்கும்போது, பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு முட்டை அவிக்கும்போது, படுக்கையில் புரளும்போது, ஜெபத்துக்குத்தானே எழுதினேன், ஜெபத்துக்குத்தானே. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டம். நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, மூடியில் கீறின ஓட்டை. மனசில் பாரம் உள்ளவர்கள் பேர் போடாமல் ஒரு சீட்டு எழுதிப் போடலாம். சங்கத்துக் காரியதரிசி எப்சிபாக்கா எல்லாவற்றையும் எடுத்துச் சத்தமாக வாசிப்பாள், எல்லாரும் ஜெபிப்பார்கள், முடிந்ததும் சீட்டுகளை அதே டப்பா மூடியில் போட்டு எரித்துவிடுவார்கள். இருபது வருஷமாக அப்படித்தான் நடந்தது, ஒரு கலகமும் கிடையாது. கடன் தீர, கால் புண் ஆற, மருமகள் மனசு மாற. அந்த டப்பாவில் தங்கபுஷ்பம் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிப் போட்டாள். ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணின ஒரு மகன் படிப்பை விட்டுவிட்டான், விசுவாசம் இல்லை என்கிறான், அவனுக்காகவும், அதை மறைத்து வைத்திருக்கும் தாய்க்காகவும் ஜெபிக்கவும். பேர் போடவில்லை. பேர் எதற்கு? இந்த ஊரில் பொருத்தனை பண்ணின பிள்ளை ஒன்பதா இருக்கிறது? எப்சிபாக்கா பாவம், எல்லாச் சீட்டையும் போல இதையும் எடுத்து வாசித்தாள், வாசித்து முடிக்கும்போதுதான் அவளுக்கே அர்த்தமாகி முகம் வெளுத்தது, பதினாலு பெண்கள் குனிந்த தலையை நிமிர்த்தி ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அன்றைக்கு ரெபேக்கா வரவில்லை, தலைவலி. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சமாசாரம் அவள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

ஜெபத்துக்குத்தான் என்றால், மறைத்து வைத்திருக்கும் தாய் என்று எதற்குடி எழுதினாய்? இங்கேதான் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கும். ஆண்டவருக்கு அந்தத் தகவல் வேண்டுமா? அவருக்குத் தெரியாதா யார் எதை மறைக்கிறார்கள் என்று? அந்த நாலு வார்த்தையை எழுதும்போது உள்ளே ஒரு சின்ன ருசி இருந்தது. இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அந்த ருசி எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். ஏழு வருஷத்துக்கு முந்தி தங்கபுஷ்பத்தின் மகள் பிரேமி, கோவில்பட்டியில் கூட வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனபோது, எல்லாரையும் விட முதலில் ஓடி வந்தவள் ரெபேக்காதான். காப்பி போட்டாள், வீடு பெருக்கினாள், மூன்று நாள் கூடவே கிடந்தாள். நல்லவள், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் மூன்றாம் நாள் டம்ளரை நீட்டிக்கொண்டே, "பிள்ளைய ஜெபத்துல வளத்தா இப்படி ஆகாது தங்கம், என்ன செய்ய" என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவளுக்கு ஞாபகம்கூட இருக்காது. தங்கபுஷ்பம் அந்தக் காப்பியைக் குடித்தாள். குடித்த காப்பி ஏழு வருஷமாக இறங்கவே இல்லை. சரி, அதுவாவது போகட்டும், கோபத்தில் எழுதினேன் என்று ஒத்துக்கொள்ளலாம், மனுஷிதானே. ஆனால் இடது கை? ஜெபத்துக்கு எழுதுகிறவள் எதற்குக் கையெழுத்தை மறைத்து இடது கையால் எழுதினாய்? சமையல்கட்டில் அம்மி மேல் தாளை வைத்து, வலது கை சும்மா தொங்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக. மனசு ஆயிரம் வக்கீல் வைத்து வாதாடினாலும் இந்த இடது கை வந்து சாட்சிக் கூண்டில் ஏறிவிடும். கை பொய் சொல்லாது.

நாலாவது பெஞ்சு. மின்விசிறி ஒன்று டொக்கு டொக்கென்று தலைக்கு மேல் ஆடுகிறது. விழுந்தால் நல்லது. யார் மேலும் விழாமல், சும்மா நடைபாதையில் விழுந்தால் ஒரு பரபரப்பு, ஆராதனை நின்றுபோகும், எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். சீ, என்ன நினைப்பு இது, கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு. சீட்டு போட்ட முதல் மாசம் திருவிருந்துக்குப் போகாமல் தலைசுற்றல் என்று உட்கார்ந்துவிட்டாள். ரெபேக்கா வீடு தேடி வந்து, "ஏன்ட்டி போகல, மனசுல என்ன?" என்று துருவித் துருவிக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பயந்து அடுத்த மாசத்திலிருந்து போக ஆரம்பித்தாள். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று தெரிந்தேதான் போனாள், போய் முழந்தாள்படியிட்டு, கை நீட்டி, வாங்கி, விழுங்கி. அப்பம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைவிடக் கொடுமை ரெபேக்கா. கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவளோ எல்லாக் கோபத்தையும் எப்சிபாக்கா மேல் போட்டாள். "பேர் போடாத சீட்டாம், யார் போட்டாங்கன்னு தெரியாதாம், எரிச்சாச்சாம்! நல்லா கதை விடுதா. அவளே எழுதி அவளே வாசிச்சிருக்கா. என் பிள்ளை படிக்கப் போன நாள்லருந்தே அவளுக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லி, தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரிஞ்சவ இந்த ஊர்ல யாருட்டி இருக்கா" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள், அவள் சொன்ன மாதிரியே. டப்பாவை எடுத்துவிட்டார்கள். எப்சிபாக்கா சங்கத்துக் காரியதரிசிப் பொறுப்பை விட்டுவிட்டாள், விட்டாளோ விடவைத்தார்களோ. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு அவள் வருவதில்லை. வந்தாலும் யாரும் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுக்கமாட்டார்கள்.

இதோ, ஐந்தாவது பெஞ்சின் ஓரத்தில், பின்னியிருக்கும் நரைத்த கொண்டை, எப்சிபாக்கா. முன்னால் இருந்தவள் திரும்பி அவளுக்குச் சமாதானம் கொடுக்கிறாள். பார்த்தாலே தெரிகிறது, விரல் நுனியால் தொட்டும் தொடாமலும், மேலே மூடவே இல்லை, அடுப்பில் சூடு பார்க்கிற மாதிரி ஒரு தொடல், உடனே கையை எடுத்துக்கொண்டாள். எப்சிபாக்கா மட்டும் அதைச் சரியாக மூடி வாங்கி, சரியாகத் திரும்பி, பக்கத்தில் இருந்தவளுக்கு இரண்டு கையாலும் கொடுக்கிறாள். எட்டு மாசமாக மாசா மாசம் இப்படித்தான் வாங்கியிருப்பாள் போல. தங்கபுஷ்பம் இதற்கு முன் பார்த்ததில்லை, பார்த்தால்தானே, அந்த நேரம் பார்த்து அவள் எப்போதும் பாட்டுப் புத்தகத்தில் சரணம் தேடுவாள். கண் கரித்துக்கொண்டு வந்தது. அப்படியானால் எனக்கு வரப்போகிறது அவள் கை வழியாக வருகிறது. நான் பேரைக் கெடுத்தவளின் கை வழியாக வந்து, என் கை வழியாக, நான் ஏமாற்றினவளின் கைக்குப் போகணும். கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருப்பதாக என்று நான் சொல்லணும். எந்த வாயால்? உண்மையைச் சொன்னால் முப்பது வருஷச் சிநேகிதம் போயிற்று. இனி புறவாசலில் அரிசி புடைக்க யார் வருவார்கள்? காய்ச்சல் வந்தால் ரசம் வைத்து யார் கொண்டுவருவார்கள்? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகளும் எட்டத்தில் இருக்கிற இந்த வயசில், இவளையும் விட்டால் எனக்கு யார்? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது. ஒன்றுமே ஆகாது, அடுத்த மாசமும் இதே கை இதே மாதிரி வரும், அதற்கடுத்த மாசமும்.

ஆறு. ஏழு. விசுவாசம் வராததை வந்த மாதிரி நின்று பிரசங்கம் பண்ண முடியாது என்று அந்தப் பயல் சொன்னானாமே. இப்போது தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான், முகம் தெளிந்துதான் இருக்கிறது. விசுவாசம் இல்லை என்கிறவனுக்கு இருக்கிற நேர்மை விசுவாசி எனக்கு இல்லாமல் போச்சே. எட்டாவது பெஞ்சில் சுவரோரம் கை திரும்பிவிட்டது. இங்கே வருகிறது. ஐந்து பேர். நாலு. உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முன் பெஞ்சு ஓரத்தில் இருந்த நர்ஸ் வயலட் திரும்பினாள், சிரித்தாள், "கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக" என்று இரண்டு கையாலும் மூடினாள். சூடான கை. எடுத்துவிட்டாள். ரெபேக்கா ஏற்கனவே இந்தப் பக்கம் திரும்பி, கையை நீட்டி, முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் கையை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "அந்தச் சீட்டு நான் எழுதுனது" என்றாள்.

"எந்தச் சீட்டு?"

"டப்பாவுல போட்டது. ஆல்வினப் பத்தி. எப்சிபாக்கா எழுதல. நான்தான், இடது கையால எழுதுனேன்."

ரெபேக்காவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. முகத்தில் மலர்ச்சி இன்னும் முழுசாகப் போகவில்லை, போக வழி தெரியாமல் உதட்டோரத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு கை மெதுவாக மடிக்கு இறங்கியது. முன்னால் திரும்பிக்கொண்டாள். கீர்த்தனை அடுத்த சரணத்துக்குப் போயிற்று. தங்கபுஷ்பத்துக்குக் காது அடைத்துப்போய், பாட்டு எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது. ஆனால் ஆச்சரியம், நெஞ்சு லேசாக இருந்தது. எல்லாம் போயிற்று, போயிற்று, ஆனாலும் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்விட்டு வருகிறது, எட்டு மாசத்தில் இப்படி ஒரு மூச்சு விடவில்லை. ரெபேக்காவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சமாதானம் இன்னும் வரலயா?" என்று கிசுகிசுத்தாள். "வரும், பொறு" என்றாள் ரெபேக்கா. பீடத்தையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"எப்சிபாக்காளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு இருக்க? எந்திரி. மொதல்ல சமாதானத்த அங்க கொண்டு போ."

தங்கபுஷ்பம் எழுந்தாள். முழங்கால் கடக்கென்றது. அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து சமாதானம் முன்னாலிருந்து பின்னால்தான் போயிருக்கிறது, பின்னாலிருந்து முன்னால் யாரும் கொண்டுபோனதில்லை. நாலு பெஞ்சுதான், நாலு மைல் மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் தலைகள் திரும்பின. மணியடிக்கிற கோயில்குட்டியார் கயிற்றுப் பக்கம் நின்றபடி வாயைப் பிளந்தார். ஐந்தாவது பெஞ்சு ஓரத்தில் குனிந்து கையை நீட்டியபோது எப்சிபாக்கா நிமிர்ந்து பார்த்து, "சமாதானம் இங்க வந்துட்டுப் போயிட்டே தங்கம்" என்றாள்.

"இது வேறக்கா. அந்தச் சீட்ட நான்தான்க்கா எழுதிப் போட்டேன். உங்க மேல பழி விழும்போது பேசாம இருந்தேன். என்ன மன்னிச்சிருங்க."

எப்சிபாக்கா கண்ணாடியைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டை விட்டுவிட்டார்கள், நன்றாகவே காது கொடுத்தார்கள், கேட்கட்டும். "கோணக் கோணயா இருந்துச்சே எழுத்து" என்றாள் கடைசியில். "யாரோ புதுசா எழுதப் படிச்சவ, ஆசையா எழுதிப் போட்டிருக்கான்னு நெனச்சேன். தப்பில்லாம வாசிக்கணுமேன்னு கண்ணாடிய ரெண்டு தரம் தொடச்சேம்ட்டி." குரல் உடைந்தது. "எங்க வீட்டு மனுஷனே நம்பல, தெரியுமா? நான் எழுதல எழுதலன்னு சொல்லச் சொல்ல, சரி விடு, இனிமே செய்யாதங்காரு."

தங்கபுஷ்பம் நடைபாதையிலேயே முழந்தாள்படியிட்டுவிட்டாள், வலியாவது ஒன்றாவது. எப்சிபாக்கா அவள் கையைப் பிடித்தாள். சும்மா பிடிக்கவில்லை, துணி பிழிகிற பிடி, எலும்பு வலித்தது. "செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"சொல்லுதேன்க்கா."

"எங்க வீட்டுக்கும் வந்து அவர்கிட்ட சொல்லணும்."

"இன்னைக்கே வாரேன்."

"அப்ப சரி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இடது கையால் மேலே மூடி, "கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருப்பதாக. எந்திரி எந்திரி, காலு என்னத்துக்காகும்" என்றாள். ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, மறு கையால் எப்சிபாக்காவைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

திரும்பி வருகிற நாலு பெஞ்சு நாலே எட்டில் முடிந்துவிட்டது. யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்றே தெரியவில்லை. வெளியே மழை விட்டு, கதவு வழியாக ஈர மண் வாசம் உள்ளே வந்தது. கீர்த்தனை ஆறாவது சரணமும் முடிந்து, பாடகர் குழு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி பல்லவியை எடுத்தது. ஒன்பதாவது பெஞ்சு மீதியும் அதற்குப் பின்னால் இருந்த பெஞ்சுகளும் வெறுங்கையோடு காத்திருந்தன. தங்கபுஷ்பம் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ரெபேக்காவின் கன்னம் நனைந்திருந்தது. இத்தனை நேரமாகவா மழைத் தண்ணி காயாமல் இருக்கும்?

"எனக்குக் கோவம் போகல" என்றாள் ரெபேக்கா, பீடத்தைப் பார்த்தபடியே.

"சரி."

"இன்னைக்குப் போகாது. நாளைக்கும் போகாது. சண்ட போடணும் உன்கூட, உக்காந்து, நல்லா. என்ட்ட ஏன் இத்தன நாளு சொல்லல, எதுக்கு எழுதுனேன்னு எல்லாத்தையும் சொல்லணும் நீ."

"சொல்லுதேன். காப்பி விசயமும் சொல்லணும்."

"என்ன காப்பி?"

"அப்புறம் சொல்லுதேன்."

ரெபேக்கா திரும்பினாள். கோபமான கண்தான், கோபமாகத்தான் பார்த்தாள், ஆனால் அந்தக் கண் தங்கபுஷ்பத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. வலது கையை நீட்டினாள். தங்கபுஷ்பம் அதில் தன் வலது கையை வைத்தாள். இடது கை மட்டும் மடியிலேயே கிடந்தது, வரக் கூசியது. ரெபேக்கா குனிந்து அதைப் பார்த்தாள்.

"இந்தக் கைதானா?"

"இந்தக் கைதான்."

ரெபேக்கா அதை மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, தன் கை மேல் வைத்து, அதற்கு மேல் தன் இடது கையை வைத்து அழுத்தினாள். "ம், சொல்லு" என்றாள். தங்கபுஷ்பம் சொன்னாள், குரல் வந்த வரைக்கும் சொன்னாள். ரெபேக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் இவ்வளவு நேரமாகக் காத்திருந்த பெண்ணிடம் திரும்பி, "இந்தா, வந்துட்டு, பிடி" என்று கையை நீட்டினாள்.